ஓடும் குவாட்டர்பேக்கைத் துரத்தாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். மூன்றாவது டவுன், அதாவது பந்தோடு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது. 11 யார்டு வேண்டும். பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் எங்கள் ரஷர்கள் நால்வரும் நன்றாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். பின்னால் பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள் அத்தனை பேருக்கும் ஆள் இருந்தது. லைனின் ஓர முனையில் நிற்கும் எங்கள் வலது எண்ட் இருபது வயதுப் பையன், லைனிலேயே வேகமானவன். எதிரே தடுத்து நின்ற டேக்கிளை வளைத்துச் சுற்றி, குவாட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால்வரை போய்விட்டான். கை நீட்டினால் ஜெர்சி கிடைக்கும். அந்த நொடியில் குவாட்டர்பேக் இரண்டு எட்டு முன்னால் வைத்தார். எங்கள் பையன் காலி செய்துவிட்டுப் போன சந்து வழியாக வெளியே வந்து, 14 யார்டு ஓடிவிட்டுச் சாவகாசமாக எல்லைக்கோட்டைத் தாண்டினார். அதே ஆட்டத்தில் இதே மாதிரி இன்னும் இரண்டு முறை நடந்தது. இரண்டும் மூன்றாவது டவுன்தான். தோற்றோம்.

நான் அமெரிக்காவில் ஒரு சிறிய மூன்றாம் பிரிவுக் கல்லூரியில், லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். படிக்கும்போது கல்லூரி அணிக்கு ஃபிலிம் வெட்டிக் கொடுக்கும் மாணவ உதவியாளனாக உள்ளே வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். ஓடத் தெரிந்த குவாட்டர்பேக்கை எப்படி நிறுத்துவது என்று பயிற்சித் துறைக்குள் புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தத் தோல்விக்கு மறுநாள் ஞாயிறு காலையில் ஃபிலிம் அறையில் கற்றதிலிருந்துதான் என் பதில் தொடங்குகிறது. அவரைப் பிடிக்க ஓடக்கூடாது. அவர் வெளியேறும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே எறியும்படி செய்ய வேண்டும்.

முதலில் என்ன வகைக் கால் என்று பாருங்கள்

“நல்லா ஓடுவார்” என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. பந்து வைத்திருக்கும் ஆஃபென்ஸே திட்டம் போட்டு அவரை ஓடவிடுவது ஒன்று. 2007இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய ஃபுளோரிடாவின் டிம் டீபோ, குறைந்த தூரம் வேண்டிய இடங்களில் தானே பந்தைச் சுமந்துகொண்டு நடுவில் இடித்துப் போவார். பாஸ் போடப் பின்வாங்கியவர் வழி தெரிந்ததும் ஓடிவிடுவது இரண்டாவது. மூன்றாவதில் வெளியே ஓடி வருவார், ஆனால் கண் மேலேயே இருக்கும். டிஃபென்ஸ் கலைந்த பிறகு எறிவார். என் அனுபவத்தில் அதிகம் வலிப்பது இந்த மூன்றாவதுதான், ஏனென்றால் அதில் போவது 10 யார்டு அல்ல, 50 யார்டு.

மூன்றையும் செய்பவர்களும் உண்டு. 2023 நவம்பரில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வின் ஜேடன் டேனியல்ஸ் ஃபுளோரிடாவுக்கு எதிராக 372 யார்டு எறிந்து, 234 யார்டு ஓடினார். கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான எஃப்.பி.எஸ். வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் 350க்கு மேல் எறிந்து 200க்கு மேல் ஓடிய முதல் ஆள் அவர்தான். அப்படிப்பட்டவர் எதிரே வந்தால் எதை விட்டுக்கொடுப்பது என்பதை வியாழக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும். மூன்றையும் அடைக்கப் பார்த்தால் மூன்றும் திறந்துகொள்ளும்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதிரணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்களை எடுத்து, அவர் ஓடிய ஒவ்வொரு இடத்தையும் தனியே வெட்டி வையுங்கள். முதலில் அவரைப் பார்க்காமல் அவருக்கு முன்னால் நின்று காக்கும் லைன்மேன்களைப் பாருங்கள். முன்னால் பாய்ந்து இடித்திருந்தால் அது திட்டமிட்ட ஓட்டம். பின்வாங்கிக் கை நீட்டியிருந்தால் பாஸிலிருந்து பிறந்த ஓட்டம். அடுத்து, எந்தப் பக்கம் வெளியேறினார், வெளியேறும்போது கண் எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் பலர் வலப்பக்கம் வந்தால் எறியத் தேடுவார்கள். இடப்பக்கம் போனால் தோளைத் திருப்பி எறிவது சிரமம் என்பதால் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். உங்கள் ஆள் அப்படியா இல்லையா என்பது அந்த வெட்டுகளில் தெரிந்துவிடும்.

புள்ளிவிவரத் தாளை மட்டும் நம்பாதீர்கள். கல்லூரி ஆட்டத்தில் சாக் ஆன, அதாவது எறியும் முன்பே பின்னால் வீழ்த்தப்பட்டு இழந்த, யார்டுகளைக் குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கிலிருந்தே கழிக்கிறார்கள், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் அப்படி இல்லை. உதாரணத்துக்கு, “12 ஓட்டம், 40 யார்டு” என்று தாளில் இருக்கும். அதில் மூன்று சாக், 25 யார்டு இழப்பு என்றால், அவர் உண்மையில் ஓடியது 9 முறை, 65 யார்டு. சராசரி மூன்று சொச்சம் அல்ல, ஏழுக்கு மேல். இதைக் கவனிக்காமல் ஓட்டத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொண்ட பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் கணக்கு

திட்டமிட்ட ஓட்டத்தின் சிக்கல் வெறும் எண்ணிக்கைச் சிக்கல். இரண்டு பக்கமும் 11 பேர். ஓடாத குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரான ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடுவார். ஓடுபவரையும் கழித்தால் தடுக்க மிஞ்சுவது ஒன்பது பேர். நம்மிடம் ஆள் கூடுதல். அவரும் ஓடக்கூடியவர் என்றால் அந்தக் கூடுதல் கரைய ஆரம்பிக்கும். ஸோன் ரீட் என்ற ஆட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், நம் எண்டை யாரும் தடுக்காமலேயே விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் அவனைக் கண்ணாலேயே தடுக்கிறார்: அவன் ரன்னிங் பேக்கை நோக்கி உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு அவன் விட்ட இடத்தில் ஓடுவார், அவன் வெளியே நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவார். 1990களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ரிச் ராட்ரிகெஸ் வளர்த்தெடுத்த ஆட்டம் இது. இன்று இதை ஆடாத கல்லூரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு எங்களிடம் இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, எண்ட் எந்த முடிவும் எடுக்காமல் இருப்பது. தோள் இரண்டும், பந்து வைக்கப்படும் ஸ்கிரிமேஜ் கோட்டுக்கு நேராக, கால்கள் பக்கவாட்டில் சின்னச் சின்ன எட்டாக, பந்து இருவர் கையிலும் இருக்கும் அந்த ஒரு கணத்தை அவன் இழுத்தடிக்க வேண்டும். குவாட்டர்பேக் தயங்கும் ஒவ்வொரு கணமும் நம் லைன்பேக்கர்கள் வந்து சேர உதவும். பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க மிகவும் கடினமானது இதுதான். வேகமான பையனிடம் போய் மெதுவாக ஆடு என்று சொல்வது அவன் ரத்தத்துக்கே எதிரானது.

இரண்டாவது ஸ்க்ரேப் எக்ஸ்சேஞ்ச். எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய்ந்து ரன்னிங் பேக்கை எடுத்துக்கொள்வான். அதைப் பார்த்த குவாட்டர்பேக், விதிப்படி பந்தை வைத்துக்கொண்டு வெளியே ஓடி வருவார். அங்கே எங்கள் லைன்பேக்கர் எண்டுக்குப் பின்னால் சுற்றி வந்து காத்திருப்பான். அவர் சரியாகப் படித்தார், ஆனால் நாம் எழுதி வைத்ததைப் படித்தார். இதற்கு மாற்றும் உண்டு: எதிரணி லைனின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் நம் எண்டைத் தொடாமல் அவனை வளைத்துத் தாண்டி வந்து, சுற்றி வரும் லைன்பேக்கரை இடிப்பார். டைட் எண்டின் முதல் எட்டு வெளிப்பக்கமாக விழுந்தால் அதுதான் வருகிறது. அந்த ஆட்டத்தில் எண்ட் குவாட்டர்பேக்கிடமே தங்கிவிட வேண்டும். இந்தப் பரிமாற்றத்தை எண்டும் லைன்பேக்கரும் பந்து கிளம்பும் ஸ்னாப்புக்கு முன் ஒரே சொல்லில் பேசி முடிக்கிறார்கள். ஒரே பதிலைத் தொடர்ந்து இரண்டு முறை கொடுப்பதை முடிந்தவரை தவிர்ப்போம்.

குவாட்டர்பேக் ரன்னிங் பேக்கைவிட ஆபத்தானவர் என்றால், பந்தை அவர் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடும்படி செய்வதே முதல் பாதியில் என் விருப்பம். ரன்னிங் பேக் நான்கு யார்டு எடுக்கட்டும். அதை நான் ஏற்றுக்கொள்வேன்.

லைன்பேக்கர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்லூரி விதியில் பாஸ் வீசும்போது லைன்மேன்கள் 3 யார்டுவரை முன்னால் போகலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். அதனால் லைன்மேன் முன்னால் வருவதை மட்டும் பார்த்து ஓட்டம் என்று நம்பிப் பாய்ந்தால், பந்து தலைக்கு மேல் போகும்.

கூண்டு

இனி அந்த 14 யார்டுக்கு வருகிறேன்.

பாஸ் ரஷ் என்றாலே வேகமாகப் போய்ச் சேருவது என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். நின்று எறியும் குவாட்டர்பேக்குக்கு அது சரி. ஓடுபவருக்கு எதிராக நால்வரும் ஒரு கூண்டின் நான்கு கம்பிகள். எண்ட்கள் இருவருக்கும் எங்கள் அணியில் ஒரே சட்டம்: குவாட்டர்பேக் நிற்கும் ஆழத்தைத் தாண்டக் கூடாது. அவர் 7 யார்டு பின்னால் நின்றால் நீயும் 7 யார்டில் நில். வெளிப்பக்கக் கை எப்போதும் விடுதலையாக இருக்கட்டும். டேக்கிளை அவர் மடியில் கொண்டுபோய்த் தள்ளு. சுற்றிக்கொண்டு பின்னால் போனால், ஆட்டத்திலிருந்தே போய்விட்டாய் என்று பொருள்.

உள்ளே இருக்கும் இருவருக்கும் சட்டம் வேறு. சுழன்று பக்கத்துச் சந்துக்குத் தாவக் கூடாது. எதிரணி லைனின் நடுவில் நிற்கும் கார்டையும் சென்டரையும் நேராகப் பின்னால் தள்ளி, அவர் முன்னால் எட்டு வைக்க இடமே இல்லாமல் செய்ய வேண்டும். ஓடும் குவாட்டர்பேக்குகளில் பலருக்கு முதல் வழி பக்கவாட்டில் இல்லை, முன்னால்தான். முன்கதவை அடைத்தால் அவர் பின்னால்போய்ச் சுற்ற வேண்டியிருக்கும். அதற்குள் எண்ட் அங்கே நிற்பான்.

ஊரில் கபடி பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பாடி வருபவர் மேல் ஆளுக்கொரு பக்கம் தனியாகப் பாய்ந்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவார். கை கோத்த அரைவட்டத்தைக் கலைக்காமல் பின்வாங்கி, அவரை ஆழமாக வரவிட்டு, பிறகு இரு முனையும் சேர வேண்டும். பாஸ் ரஷிலும் வட்டம் கலையாமல் சுருங்க வேண்டும்.

மெதுவாக ஆடச் சொல்வதாக இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். 2016 நவம்பர் 17ஆம் தேதி ஹூஸ்டன் அணி, அந்த ஆண்டு ஹைஸ்மன் வாங்கப்போகும் லாமர் ஜாக்சனை 11 முறை சாக் செய்து, அவருடைய லூயிவில் அணியை 36-10 என்று வென்றது. உள் லைனில் எட் ஆலிவர் என்ற முதலாண்டு மாணவர் நடுப்பகுதியை நொறுக்கிக்கொண்டே இருந்தார். அதே ஆண்டின் கடைசி நாளில் சிட்ரஸ் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் எல்.எஸ்.யு. ஜாக்சனை எட்டு முறை சாக் செய்து 29-9 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அவருடைய காலை நிறுத்தவே முடியாது என்று நாடே சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் அழுத்தம், ஓரத்தில் கட்டுப்பாடு என்று இரண்டும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பையன்களுக்கு நான் காட்டும் ஃபிலிம் அது.

மறுபக்கத்தையும் காட்டுவேன். 2006 ஜனவரி 4, ரோஸ் பௌல். டெக்சாஸின் வின்ஸ் யங் அன்று 19 ஓட்டத்தில் 200 யார்டு எடுத்தார். நான்காவது டவுன், 5 யார்டு தேவை, கடிகாரத்தில் 30 வினாடிகூட மிச்சமில்லை. பாஸ் போடப் பின்வாங்கினார், பார்த்தார், வலது மூலை வழியாக 8 யார்டு ஓடி டச் டவுன் வைத்தார். 41-38, டெக்சாஸ் வென்றது. எதிரணியான யு.எஸ்.சி.யில் அன்று திறமைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஓரம் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

ஸ்பை

குவாட்டர்பேக்கை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவனை நிறுத்துவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அந்தத் தோல்வியில் நாங்களும் நிறுத்தினோம், அதுவும் எங்கள் சிறந்த லைன்பேக்கரை. மூன்று முறையும் அவன் சரியான இடத்தில்தான் இருந்தான். மூன்று முறையும் அவன் எதிரே 15 யார்டு அகலத் திடல் திறந்துகிடந்தது. அத்தனை அகலத்தில், தன்னைவிட வேகமான ஒருவரை ஒற்றை ஆளாக யாராலும் பிடிக்க முடியாது. தவறு அவனுடையது அல்ல. கூண்டு கலைந்த பிறகு அவனை அங்கே தனியாக விட்ட எங்களுடையது. இதை அவனிடம் அணி முன்னால் சொன்னேன்.

அதனால் ஸ்பை என்பது கூண்டுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. மூன்றாவது டவுனில் 7 யார்டுக்கு மேல் தேவைப்படும்போது மட்டும் நான் வைக்கிறேன். ஐந்தாறு யார்டு ஆழத்தில், குவாட்டர்பேக்கின் தோளுக்கு நேராக நிற்பான். அவர் நகர்ந்தால் நகர்வான். அவர் உறுதியாகக் கிளம்பும்வரை முன்னால் பாய மாட்டான். வேகத்தை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திறந்தவெளியில் தவறவிடாமல் டேக்கிள் செய்பவன் வேண்டும். முதல் டவுனில் ஸ்பை வைத்தால் பாஸ் கவரேஜில் ஓர் ஆளைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறீர்கள்.

பின்வரிசை

ஆளுக்கு ஆள் காக்கும் மேன் கவரேஜில், ஓரங்களில் நிற்கும் கார்னர்கள் ரிசீவரையே பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். குவாட்டர்பேக் கிளம்பியதே தெரியாது, முதுகுக்குப் பின்னால் 20 யார்டு போய்விடும். ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் ஸோனில் எல்லாக் கண்ணும் அவர் மேல் இருக்கும். எனவே ஓடுபவருக்கு எதிராக ஸோன்தான் என் அடித்தளம், முக்கியமாக, ஆழத்தை நால்வர் பிரித்துக் காக்கும் குவாட்டர்ஸ். அதில் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகள் ஓட்டத்துக்கும் இறங்கி வர முடியும், முன்பு சொன்ன ஆள் கணக்கும் சரியாகும். ஆனால் ஸோன் நான்கு வினாடிக்கு மேல் தாங்காது.

தாங்காத அந்த நேரத்துக்குத்தான் பிளாஸ்டர். குவாட்டர்பேக், லைன்மேன்கள் காக்கும் பாக்கெட்டை விட்டு வெளியேறியதும் யாராவது கத்த வேண்டும். கத்தியதும் ஒவ்வொருவரும் தன் பகுதியை மறந்துவிட்டு, பக்கத்தில் உள்ள ரிசீவர்மேல் பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆழத்தில் இருப்பவன் இன்னும் ஆழமாகப் போவான். அவர் ஸ்கிரிமேஜ் கோட்டைத் தாண்டும்வரை ஒருவரும் ரிசீவரை விட்டு வரக்கூடாது, ஏனென்றால் தாண்டிய பிறகுதான் அவரால் முன்னால் எறிய முடியாது. 2012 நவம்பர் 10ஆம் தேதி அலபாமாவுக்கு எதிராக ஜானி மன்ஸீல் தன் சொந்த லைன்மேன் மேலேயே மோதினார், பந்து கையிலிருந்து துள்ளியது, மறுபடி பிடித்து இடப்பக்கம் ஓடி, எண்ட் ஸோனில் தனியாக நின்ற ரயன் ஸ்வோப்பிடம் எறிந்தார். டெக்சாஸ் ஏ அண்டு எம் 29-24 என்று வென்ற ஆட்டம். பந்து துள்ளியபோது எல்லோர் கண்ணும் பந்துக்குப் போனது. அந்தத் துள்ளலில் ஏமாறாதவர்கள் எந்த அணியிலும் குறைவு. அதனால்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

திடலின் அகலம்

கல்லூரித் திடலின் அகலம் 160 அடி. ஒவ்வொரு டவுனுக்கும் பந்தை வைக்கும் பகுதியின் இரு எல்லையான ஹேஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் இதில் பாதிகூட இல்லை. பந்து ஒரு ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. ஓடுபவருக்கு அந்த 100 அடிதான் விருந்து. எனவே கூடுதல் ஆளை ரஷ்ஷுக்கு அனுப்பும் பிளிட்ஸ் விடுவதாக இருந்தால் அகலமான பக்கத்திலிருந்து விட்டு, அவரைக் குறுகிய பக்கத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே எல்லைக்கோடே நமக்கு இன்னொரு டிஃபெண்டர்.

டேக்கிளில் அவருடைய தோளையோ தலையையோ பார்க்க வேண்டாம், இடுப்பைப் பாருங்கள். அது பொய் சொல்லாது. தூரத்தில் இருப்பவன் அவர் இருக்கும் இடத்துக்கு ஓடக்கூடாது, அவர் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு ஓட வேண்டும். 2012இல் ஒரிகனின் மார்க்கஸ் மரியோட்டா ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 77 யார்டு ஓடினார். அது டச் டவுன் என்றே அரங்கம் நினைத்தது. டெவன் காரிங்டன் விடாமல் ஓடி வந்து 15 யார்டு கோட்டில் விழத்தட்டினார். அந்த முறை ஒரிகனால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை; ஸ்டான்ஃபோர்டு கூடுதல் நேரத்தில் 17-14 என்று வென்றது. எங்கள் அணியில் யாராவது ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் இந்த ஒரு ஆட்டத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

கால் முன்னால் நீட்டிச் சறுக்கத் தொடங்கிய கணத்திலேயே அவர் டவுன். அதன்பின் இடித்தால் அபராதம். தலையில் இடித்து டார்கெட்டிங் என்று முடிவானால் 15 யார்டும் போகும், நம் ஆளும் வெளியே போவான். 2021இல் ஏ.சி.சி. என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கின் கென்னி பிக்கெட் சறுக்குவது போல் பாவனை செய்து, வேக் ஃபாரஸ்ட் வீரர்கள் தளர்ந்ததும் தொடர்ந்து ஓடி 58 யார்டு டச் டவுன் எடுத்தார். உடனே விதி விளக்கம் மாறியது: பாவனை செய்தாலும் அந்த இடத்திலேயே டவுன். ஆகவே இப்போது பையன்களிடம் தயங்காமல் சொல்லலாம், அவர் தாழ்ந்தால் நீ விலகு.

வார நடுவில்

பருவத்தில் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதில் பத்துப் புதுத் திட்டங்களைச் சொருகாதீர்கள். கூண்டு, பரிமாற்றம், பிளாஸ்டர் மூன்றும் போதும். பயிற்சியில் எதிரணி போல ஆடும் ஸ்கவுட் அணியில் குவாட்டர்பேக் இடத்தில் உங்கள் வேகமான ரிசீவரை நிறுத்துங்கள். எறியத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விசிலை ஏழு வினாடிவரை ஊதாதீர்கள். இரண்டாவது முறை ஓடும்போதுதான் யார் நின்றுவிடுகிறான் என்று தெரியும். நான்காவது குவார்ட்டரில் கூண்டு கலைவது பெரும்பாலும் களைப்பால்தான், எனவே எண்ட்களை முதல் பாதியிலேயே மாற்றி மாற்றி இறக்குங்கள்.

கடைசியாக ஃபிலிம் மதிப்பெண். சாக் எடுத்தவனுக்குத் தாளில் பெயர் வரும், தன் இடத்தில் நின்றவனுக்கு எதுவும் வராது. அந்தத் தோல்விக்குப் பிறகு எங்கள் தாளில் “ஆழம் காத்தான்” என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அடுத்த ஆண்டு அதே குவாட்டர்பேக் எங்கள் திடலுக்கு வந்தார். மூன்றாவது டவுன், 9 யார்டு. அதே எண்ட், அதே டேக்கிள். இந்த முறை 7 யார்டில் நின்றான். குவாட்டர்பேக் வலப்பக்கம் பார்த்தார், முன்னால் பார்த்தார், பிறகு ரன்னிங் பேக்கிடம் சின்னதாகத் தட்டிவிட்டார். நான்கு யார்டுதான், அடுத்து பந்தை எங்களிடம் உதைத்துவிடும் பன்ட். வெளியே வந்த பையன், “கோச், நான் அவரைத் தொடவே இல்லை” என்றான். ஞாயிறு காலை அந்தக் கட்டத்தில் அவனுக்கு நேரே முதல் டிக் போட்டேன்.